கொழும்பில் வீடு, வன்னியில் காணி: புல் வெட்டக் கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு ஓமந்தைப் பக்கம் 5 ஏக்கர் மேட்டுக்காணி வாங்கியவன் நான். வாங்கிய முதல் மாரியிலேயே புல் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டது. அதை யாரைக்கொண்டு, எந்த ஒழுங்கில் வெட்டுவிப்பது என்று தெரியாமல் ஒரு வருடம் தடுமாறினேன். இப்போது எங்கள் மாடிவீட்டுத் தொகுதியிலேயே நாலைந்து பேர் வவுனியா, கிளிநொச்சி, மன்னார் என்று காணி வாங்கியிருக்கிறார்கள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு என் பதில்களை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

புல்லை வெட்டாமல் அப்படியே விட்டால் என்ன? நான் இப்போது அங்கே ஒன்றும் செய்யப்போவதில்லையே.

விடாதீர்கள். வன்னியில் ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டுகிற மழைக்குக் கினிப்புல் ஆள் உயரம் வளரும். ஆடி, ஆவணியில் அது முழுக்கக் காய்ந்து சருகாக நிற்கும். கச்சான் காற்று (வறண்ட தென்மேல் காற்று) அடிக்கிற நாளில் யாரோ வீசிய ஒரு பீடித் துண்டு போதும். எனக்கு முதல் வருடம் அப்படித்தான் ஆனது. தெற்கு வேலியில் நட்ட சீமைக்கிளுவைக் கதியால்கள் ஒரு வரிசை முழுக்கக் கருகிப்போயின. பக்கத்துக் காணிக்காரர் குடும்பத்தோடு நின்று வாளியில் தண்ணீர் ஊற்றி அணைத்திருக்கிறார். கொழும்பில் தூங்கிக்கொண்டிருந்த எனக்கு விடிந்த பிறகுதான் செய்தி வந்தது.

பன்றியும் பாம்பும் அடைவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம், பற்றை பிடித்த காணி ஊருக்கு ஒரு சேதி சொல்லும்: இதற்கு ஆளில்லை. பிறகு வேலி உள்ளே நகரும், கிரவல் அள்ள வாகனம் வரும், எல்லைக்கல் காணாமல்போகும்.

கூலிக்கு ஆள் பிடித்து மெஷினால் வெட்டுவிப்பதா, அல்லது மாடு வைத்திருக்கும் ஒருவருக்குப் புல்லைக் கொடுப்பதா?

காணியில் அடிக்கட்டைகளும் நாயுண்ணிப் பற்றையும் நிறைந்திருந்தால் முதல் தடவை கூலி கொடுத்துத் துப்புரவு செய்வதைத் தவிர வழியில்லை. எந்த மாட்டுக்காரரும் அதற்குள் இறங்கமாட்டார். நாயுண்ணி இலை மாட்டுக்கு நஞ்சும்கூட.

அதன் பிறகு மாடு வைத்திருப்பவரிடம் விடுங்கள் என்பேன். கூலிக்காரர் வெட்டிய புல் அங்கேயே கிடந்து காயும், நெருப்புப் பயம் தீராது. அவர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனால் அடுத்த வருடம்தான் திரும்பி வருவார். மாட்டுக்காரருக்கோ அந்தப் புல் தேவை. வாரத்துக்கு நாலு நாள் உங்கள் படலையைத் திறப்பார். வேலியில் ஒரு கதியால் சாய்ந்தாலும் அவர் கண்ணில் படும். நாங்கள் புல்லைக் கொடுத்து வாங்குவது அந்தக் கண்ணைத்தான்.

சரியான ஆளை எங்கே தேடுவது?

முதலில் பக்கத்துக் காணிக்காரரிடம் போய்க் கேளுங்கள். அவரிடம் மாடு இருந்தால் அவருக்குத்தான் முதல் உரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை விட்டுவிட்டு நாலு மைல் தள்ளி ஒருவரைக் கொண்டுவந்தால் மனக்கசப்பு வரும், அந்தக் கசப்பின் நடுவில் கிடக்கப்போவது உங்கள் வேலி.

அவருக்கு வேண்டாம் என்றால், விடிகாலையில் அந்தப் பகுதிப் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போங்கள். கேன்களோடு வந்து நிற்பவர்களில் பாதிப்பேர் புல்லுக்கு அலைபவர்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலும் கேட்கலாம். எந்த வீட்டில் எத்தனை பால்மாடு, யார் ஒழுங்காகப் பராமரிக்கிறார் என்பது அங்கே தெரியும். கிராம சேவையாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். காணிக்கு வரப்போகிறவர் யார் என்பது அவருக்குத் தெரிந்திருப்பது பின்னால் உதவும்.

ஆளைக் கண்டதும் கேட்கவேண்டியவை: எத்தனை மாடு, மாட்டுப்பட்டி காணியில் இருந்து எவ்வளவு தூரம், புல் ஏற்ற லான்ட்மாஸ்டர் (பெட்டி பூட்டிய இருசக்கர உழவு இயந்திரம்) இருக்கிறதா, காய்ந்த புல்லை வைக்க மழை படாத இடம் இருக்கிறதா. 300 கிலோ எடையுள்ள பசு ஒன்று நாளைக்குச் சுமார் 30 கிலோ பச்சைப்புல் தின்னும். 2 மாடு வைத்திருப்பவர் 5 ஏக்கரை வெட்டி முடிக்கமாட்டார். கரையோரம் கொஞ்சம் வெட்டிவிட்டு நடுவைக் காடாக விட்டுவிடுவார். அப்படியானால் காணியை இரண்டாகப் பிரித்து இரண்டு பேருக்குக் கொடுப்பது மேல்.

எவ்வளவு பணம் கேட்கலாம்?

என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை: பணம் கேட்காதீர்கள், எரு கேளுங்கள்.

100 கிலோ பச்சைப்புல் காய்ந்தால் 25 முதல் 30 கிலோ உலர்புல்தான் மிஞ்சும். அதற்காக அவர் வெயிலில் வெட்டி, புரட்டி, கட்டி, ஏற்றி, இறக்கவேண்டும். பெற்றோல் அவருடையது, முதுகும் அவருடையது. காட்டுப்புல்லுக்கு நீங்கள் விலை வைத்தால், தெருவோரத்தில் சும்மா கிடைக்கிற புல்லை வெட்டிக்கொண்டு போய்விடுவார். மிஞ்சுவது உங்கள் பற்றை.

ஆனால் புல் சும்மா போவதும் இல்லை. ஒரு தொன் உலர்புல் காணியை விட்டு வெளியேறும்போது 10 கிலோவுக்குக் குறையாத நைதரசனும் அதைவிடக் கூடிய பொட்டாசியமும் கூடவே போகின்றன. வருடா வருடம் வெட்டி ஏற்றிக்கொண்டே இருந்தால், நாளைக்கு நீங்கள் மாமரமும் எலுமிச்சையும் நட நினைக்கும்போது மண் சோர்ந்துபோயிருக்கும். இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. புல் போன இடத்துக்குச் சாணி திரும்பி வரவேண்டும். நான் செய்திருக்கும் ஒழுங்கு: அவர் ஏற்றுகிற ஒவ்வொரு 5 லோட் புல்லுக்கும் 1 லோட் மக்கிய எரு என் காணியில் இறக்கவேண்டும், நான் காட்டுகிற இடத்தில். புல் ஏற்ற வெறுமையாக வருகிற பெட்டியில்தான் எரு வரும் என்பதால் அவருக்கு மேலதிக ஓட்டமும் இல்லை.

அதோடு இன்னும் இரண்டைக் கேட்டுக்கொண்டேன். வேலியோரம் முழுக்க ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு எப்போதும் துப்புரவாக இருக்கவேண்டும். வேலியில் ஏதும் நடந்தால் அன்றே எனக்கு அழைக்கவேண்டும். புதிதாகத் துப்புரவாக்கிய காணியில் புல் மெல்லியதாக இருந்தால் முதல் வருடம் எருவையும் கேட்காமல் விடுங்கள்.

நல்ல மனிதர், வாய்ப்பேச்சே போதும் என்கிறார்கள். எழுத்து எதற்கு?

நல்ல மனிதர் என்பதால்தான் எழுதவேண்டும். நாளைக்கு அவர் இடத்தில் அவருடைய மகனோ மருமகனோ வருவார். உங்கள் இடத்திலும் வேறு ஒருவர் இருக்கலாம். அவர்களுக்குள் நீங்கள் பேசிய பேச்சு இருக்காது.

சட்டத்தில் நீங்கள் அறிந்திருக்க வேண்டியது மூன்று. ஒன்று, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை எதுவும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். தாளில் கிறுக்கி முத்திரை ஒட்டி வைத்திருக்கும் ‘ஒரு வருடக் குத்தகை’ சண்டை வந்தால் உங்களுக்குக் கைகொடுக்காது. இரண்டு, 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம். உங்கள் உரிமையை ஏற்காமல் ஒருவர் 10 வருடம் இடையூறின்றிக் காணியை ஆண்டால் அது தனது என்று வழக்காட முடியும். உங்கள் அனுமதியோடு வந்தவருக்கு அந்த வாதம் இலகுவில் எடுபடாது. ஆகவே ‘அனுமதியோடு வந்தார்’ என்பதற்கு எழுத்து வேண்டும். மூன்றாவதை வயற்காணிக் கேள்வியில் சொல்கிறேன்.

இதனால்தான் குத்தகை என்ற சொல்லையே நான் பயன்படுத்துவதில்லை. கொடுப்பது புல் வெட்டி எடுக்கும் அனுமதி மட்டும். ஒரு பருவத்துக்கு மட்டும். அடுத்த வருடம் புதிய திகதியோடு புதிய கடிதம். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி. உங்கள் சட்டத்தரணி ஒருமுறை படித்துப் பார்க்கட்டும், அந்தச் செலவைப் பாராதீர்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது?

என்னுடையதில் இருப்பது கிட்டத்தட்ட இவ்வளவுதான்:

“இன்ன இலக்க உறுதியிலும் இன்ன வரைபடத்தின் இன்ன துண்டிலும் காட்டப்பட்ட எனது காணிக்குள் தை 15 முதல் பங்குனி 31 வரை வந்து, இயற்கையாக வளர்ந்துள்ள புல்லை வெட்டிக் காயவைத்து எடுத்துச் செல்ல, இன்ன தேசிய அடையாள அட்டை இலக்கமுடைய தங்களுக்கு அனுமதி தருகிறேன். காணியின் ஆட்சி என்னிடமே உள்ளது. பயிரிடவோ, கொட்டில் போடவோ, கிணறு தோண்டவோ, மரம் தறிக்கவோ, மண் எடுக்கவோ, மாடு கட்டவோ, இந்த அனுமதியை வேறொருவருக்குக் கொடுக்கவோ இதில் இடமில்லை. புல்லுக்கு ஈடாகத் தாங்கள் தரும் எருவின் அளவு கீழே உள்ளது. மேற்சொன்ன திகதியோடு அனுமதி முடிவடையும்.”

மரம், மண் என்ற சொற்களைக் கட்டாயம் சேருங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியிலும் அனுமதியின்றித் தறிக்கமுடியாது. மண்ணும் கிரவலும் அப்படித்தான். யாரோ செய்ததற்கு உறுதியில் பெயருள்ளவரைத்தான் முதலில் தேடிவருவார்கள்.

வாங்கியது வயற்காணி. அதிலும் இதே ஒழுங்கா?

கவனம் கூட வேண்டும். வயலில் ஒருவர் நெல் விதைத்து அறுக்கத் தொடங்கினால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வாரக் குடியானவருக்குரிய (பிறர் வயலை வாரத்துக்குச் செய்பவருக்குரிய) பாதுகாப்பை அவர் கோர இடமுண்டு. பிறகு அவரை வெளியேற்றுவது எளிதல்ல. அந்தச் சட்டம் உழைக்கிறவருக்காக எழுதப்பட்டது, அதில் நியாயம் இருக்கிறது. உங்கள் நோக்கம் புல்லோடு நிற்பதானால் எழுத்தும் புல்லோடு நிற்கட்டும். வாங்குவதற்கு முன்பே கமநல சேவை நிலையத்துப் பதிவேட்டில் அந்தக் காணி யார் பெயரில், யார் செய்கை பண்ணுவதாக இருக்கிறது என்று பார்த்திருக்கவேண்டும். பார்க்காவிட்டால் இந்தக் கிழமையே பாருங்கள்.

உத்தரவுப்பத்திரக் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) என்றால்?

அப்படிப்பட்ட அரச காணியை வெறும் தாளில் எழுதி விற்பதும் வாங்குவதும் செல்லாது. புல்லை மறந்துவிட்டு முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போங்கள்.

எப்போது வெட்டுவது நல்லது? எப்படிக் காயவைப்பது?

வவுனியாவில் மழை மார்கழியோடு இறங்கும். தைப்பொங்கல் கழிந்த பிறகு, மாசி முடிவதற்குள் வெட்டி எடுப்பதுதான் எங்கள் பகுதிக்குச் சரியான காலம். பங்குனி, சித்திரையில் பின்னேர இடிமழை வந்து காயப்போட்டதை நனைத்துவிடும்.

நாளைப் பார்ப்பதைவிடப் புல்லைப் பாருங்கள். கதிர் தலைகாட்டத் தொடங்கும்போது வெட்டினால் இலையும் சத்தும் இருக்கும். விதை முற்றி உதிரத் தொடங்கிய பிறகு வெட்டினால் தண்டு மட்டும்தான், வைக்கோலைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. அடியை ஒட்ட வெட்டக்கூடாது. 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை விட்டு வெட்டினால் தூர் மறுபடி தளிர்க்கும். நிலத்தோடு சிரைத்தால் அந்த இடத்தில் களைதான் வரும்.

வெட்டுவது பனி உலர்ந்த பிறகு. வெட்டியதை மெல்லியதாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு தடவை புரட்டி, இரவில் குவித்து மூடவேண்டும். மாசி வெயிலில் 2, 3 நாள் போதும். ஒரு கைப்பிடி எடுத்து முறுக்கிப் பாருங்கள். தண்டு நொறுங்கினால் சரி. வளைந்து ஈரம் கசிந்தால் இன்னும் ஒரு நாள். நிறம் பச்சை கலந்து இருக்கவேண்டும், மணம் இனிப்பாக இருக்கவேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். பெரிய குவியல் தானாகவே பற்றிக்கொள்வதும் உண்டு. அடுக்குவதற்குத் தடிகளைப் பரப்பி நிலத்தில் இருந்து உயர்த்தி, மேலே தறப்பாள் போடவேண்டும்.

இதெல்லாம் அவருக்குத் தெரியாததா என்று நினைக்கலாம். வன்னியில் மாடு வளர்ப்பவர்களுக்கு வைக்கோல் சேர்த்துவைப்பது கைவந்த வேலை. புல்லைக் காயவைத்துச் சேமிப்பது அவ்வளவு வழக்கமில்லை, பச்சையாக வெட்டி அன்றன்றே போடுவார்கள். நான் ஒழுங்கு செய்த அண்ணை முதலில் நம்பவில்லை. “வைக்கோல் கிடக்கேக்க இதென்ன தம்பி புது வேலை?” என்று கேட்டார். ஆடி மாதம் அந்தக் காய்ந்த புல்லை மாடுகள் வைக்கோலை ஒதுக்கிவிட்டுத் தின்றதைப் பார்த்த பிறகு, அடுத்த மாசியில் அவரே எனக்கு அழைத்து எப்போது தொடங்கலாம் என்றார்.

சீஓ-3 (கலப்பின நேப்பியர் தீவனப்புல்) நட்டு வளர்க்கிறேன், இடம் தாருங்கள் என்கிறார் மாட்டுக்காரர். கொடுக்கலாமா?

அது நல்ல புல். நட்டு 2 மாதத்துக்கு மேல் விட்டு முதல் வெட்டு, பிறகு ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு வெட்டு. ஆனால் வன்னி வெயிலில் தண்ணீர் இறைக்காமல் நிற்காது. தண்ணீர் என்றால் கிணறு, மோட்டார், மின்சாரம். அதோடு, அது வருடக்கணக்கில் நிற்கும் பயிர். அவர் நட்டு, அவர் இறைத்து, அவர் வெட்டினால் அது ‘இயற்கையாக வளர்ந்த புல்’ அல்ல, அவருடைய செய்கை. கடிதத்தின் அடிப்படையே மாறிவிடும். விருப்பமென்றால் கால் ஏக்கரில் உங்கள் செலவில் நீங்களே தடி வாங்கி நடுவியுங்கள். தண்டு தடித்தது என்பதால் காயவைக்கவும் அது உதவாது, பச்சையாக வெட்டிப் போடத்தான்.

மாடுகளையே உள்ளே மேயவிட்டால் வேலை சுலபமல்லவா?

இளம் கன்றுகள் நட்டிருந்தால் வேண்டவே வேண்டாம். மற்றபடி வேலி நல்ல அறுக்கையாக இருந்து, நீங்கள் அடிக்கடி போய்வருபவரானால் யோசிக்கலாம். கொழும்பில் இருப்பவருக்கு நான் சொல்வது இல்லை என்றுதான். இன்று அவருடைய 5 மாடு, நாளை திறந்த படலையால் ஊர்க் கட்டாக்காலி எல்லாம் உள்ளே.

பாத்தீனியம் இருக்கிறது. அதையும் சேர்த்து வெட்டிவிடலாமா?

கூடாது. வடக்கில் இந்தக் களையை அறியாதவர் இல்லை, சட்டப்படியும் தடைசெய்யப்பட்ட களை. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். பூத்த செடியை மெஷினால் வெட்டினால் காணி முழுக்க விதைத்த மாதிரி. புல்லோடு சேர்த்துக் கட்டினால் அவருடைய பட்டிக்கும், அங்கிருந்து எருவோடு திரும்பவும் உங்கள் காணிக்கும் வரும். பாலும் கசக்கும். மழை தொடங்கி மண் இளகியிருக்கும்போது, பூக்குமுன், கையுறை போட்டு வேரோடு பிடுங்கவேண்டும். தோலில் பட்டால் சிலருக்குக் கடுமையாகச் சொறியும், மூச்சும் முட்டும். எருவை மக்கவைத்தே இறக்கவேண்டும் என்று நான் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெட்டும்போது யாருக்காவது ஏதும் நடந்தால்?

முதலில் கண்ணிவெடி. போர் நடந்த இடங்களில் காணி வாங்கியவர்கள், அந்தத் துண்டு வெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்பதைப் பிரதேச செயலகத்தில் உறுதி செய்யாமல் யாரையும் மெஷினோடு உள்ளே அனுப்பக்கூடாது. விடுவிக்கப்பட்ட இடத்திலும் சந்தேகமான எதையாவது கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழைக்கவேண்டும்.

அடுத்தது பாம்பு. உயர்ந்த புல்லில் புடையன் படுத்திருக்கும். பூட்ஸ் ஒரு சோடி வாங்கிக் கொடுத்துவிடுங்கள், நான் கொடுத்தேன். கடித்தால் கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டாம், அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைத்து நேரே அரச வைத்தியசாலை. படலைக்கு எப்படி வருவது என்று வழி சொல்லத் தெரிந்த ஒருவர் எப்போதும் கூட இருக்கட்டும். தனியாக வெட்டுவதை நான் அனுமதிப்பதில்லை.

மெஷின் தகடு கல்லில் பட்டால் கண்ணுக்குத்தான் தெறிக்கும், கண்ணாடி இல்லாமல் தொடங்கக்கூடாது. கூலிக்கு ஆள் பிடித்தால் நீங்கள் வேலை கொடுப்பவர். காயம்பட்டால் நட்டஈட்டுக் கேள்வி உங்களிடம் வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கொழும்பில் இருந்துகொண்டு எப்படிப் பார்த்துக்கொள்வது?

வருடத்துக்கு இரண்டு தடவையாவது நேரில் போகவேண்டும். வெட்டத் தொடங்குமுன் ஒன்று, மழைக்கு முன் ஒன்று. கோட்டையில் ரயில் ஏறினால் வவுனியாவில் இறங்கலாம். போனதும் எல்லைக்கல் ஒவ்வொன்றையும் வரைபடத்தோடு ஒப்பிட்டு நடந்து, ஒவ்வொன்றின் அருகிலும் நின்று படம் எடுங்கள். இடையில் வட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லலாம், ஆனால் அதற்காக அவரை நச்சரிக்கவேண்டாம். பக்கத்துக் காணிக்காரரிடமும் ஒரு தொடர்பு வைத்திருங்கள்.

பேசியபடி நடக்காவிட்டால்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் வருடம், எழுத்து எதுவும் இல்லாமல் ஒருவருக்குப் புல் வெட்டச் சொல்லியிருந்தேன். புரட்டாதியில் போனால் 2 ஏக்கர் உழுது கிடக்கிறது, கச்சான் (நிலக்கடலை) விதைக்கப்போகிறார். “சும்மா கிடந்த காணிதானே” என்றார். அவர்மேல் கோபப்பட எனக்கு உரிமை குறைவு, எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. பக்கத்துக் காணிக்காரரையும் வைத்துக்கொண்டு பேசினோம். உழவுக் கூலியை நான் கொடுத்தேன், அவர் விலகிக்கொண்டார். அந்தக் காசு என் கவனக்குறைவுக்கான விலை.

பேச்சில் தீராமல், பலவந்தமாக உங்களை வெளியேற்றினால் நாளைக் கடத்தாதீர்கள். பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள், சட்டத்தரணியைப் பிடியுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி விரைவாக ஆட்சியைத் திரும்பப் பெற வழியுண்டு. ஆனால் வெளியேற்றப்பட்ட இரண்டு மாதத்துக்குள் விஷயம் நீதிமன்றத்துக்கு வந்திருக்கவேண்டும். ‘அடுத்த லீவுக்குப் போய்ப் பார்ப்போம்’ என்று கொழும்பில் இருந்துவிட்டால் அந்த இரண்டு மாதம் போய்விடும்.

கையோடு ஏதாவது கொண்டுபோகவேண்டுமா?

கட்டாயம் இல்லை. நான் போகும்போது மாட்டுக்கன்றுகளுக்குக் குடற்பூச்சி மருந்தும், கட்டுவதற்கு நைலோன் கயிறும், பழைய தறப்பாள் கிடைத்தால் அதுவும் கொண்டுபோவேன். எது தேவை என்று இரண்டு நாளைக்கு முன்பே அண்ணையிடம் கேட்டுவிடுவேன். திரும்பும்போது அவர் வீட்டுத் தயிர் ஒரு சட்டி என்னோடு ரயில் ஏறும். பட்டிப்பொங்கலுக்கு ஒரு தடவை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் காணிப் புல்லைத் தின்று வளர்ந்த சிவலைக் கன்றுக்கு மாலை போட்டது என் மகள்தான்.